ஒன்பதாம் மாதத்து ஊசி

பல பிள்ளைகளிடம் முதலில் கெடுவது கையெழுத்துதான். எட்டு, பத்து வயதில், வகுப்பில் முன்வரிசையில் இருந்த பிள்ளையின் எழுத்து கோட்டுக்கு மேலும் கீழும் அலையத் தொடங்கும். தலைகீழாய்ச் சொன்ன வாய்ப்பாடு பாதியில் நின்றுபோகும். சோற்றுத் தட்டு கையிலிருந்து நழுவும். கடைக்குப் போன பிள்ளை எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கும். காரணமில்லாமல் கோபம் வரும், சிரிக்க வேண்டாத இடத்தில் சிரிப்பு வரும். கவனம் இல்லை என்று பள்ளியில் புகார் சொல்வார்கள். வீட்டில் கொழுப்பு என்று இரண்டு அடி போடுவார்கள். சில வாரங்களோ மாதங்களோ கழிந்தபின் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். நிற்கிற பிள்ளை தலை வெட்டி, முழங்கால் மடங்கி, ஒரு நொடி சரிந்து மறுபடி நிமிரும். இது அடம் இல்லை, நோய் என்று வீட்டாருக்கு அப்போதுதான் உறைக்கும்.

மருத்துவர்கள் இதை எஸ்.எஸ்.பி.இ. என்பார்கள். சப்அக்யூட் ஸ்கிலிரோசிங் பான்என்செஃபலைட்டிஸ் என்பது முழுப்பெயர். மூளை முழுவதும் மெல்லப் பரவி, திசுவை இறுகிப்போகச் செய்யும் அழற்சி. அதை உண்டாக்குவது புதிதாக ஒட்டிய கிருமி இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு வயதிலோ இரண்டு வயதிலோ மணல்வாரி போட்டிருக்கும். வேப்பிலை சொருகி, மூன்று தண்ணீர் ஊற்றி, அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் மறந்த அந்தத் தட்டம்மையின் வைரஸ், ஆறு முதல் பத்து ஆண்டுகள் மூளைக்குள் இருந்துவிட்டு இப்போது வெளிப்படுகிறது.

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்து வானம் பார்த்த பூமியை வைத்து இந்த நோயைப் பேசக் காரணம் உண்டு. நோய் அரிதுதான். ஒரு கிராமத்தில் ஒரு தலைமுறையில் ஒருவரைக்கூடப் பார்க்க நேராமல் போகலாம். ஆனால் அது தொடங்குகிற இடமும், தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிற இடமும், தடுக்கக்கூடிய இடமும் இந்த நிலத்தின் அன்றாட வாழ்க்கைக்குள்தான் இருக்கின்றன.

முதலில் வைரஸின் கதை. 1933-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் டாசன் என்ற மருத்துவர், இப்படி இறந்த ஒரு சிறுவனின் மூளைச் செல்களில் விசித்திரமான திட்டுகளைப் பார்த்து, இது வைரஸ் வேலையாக இருக்கலாம் என்று எழுதினார். 1945-இல் பெல்ஜியத்தின் வான் போகார்ட் மூளையின் வெண்பகுதி இறுகிப்போவதை விவரித்தார். எந்த வைரஸ் என்பது அதன் பிறகும் இருபது ஆண்டுகள் தெரியவில்லை. 1965-இல் பிரான்சில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தட்டம்மை வைரஸைப் போன்ற இழைகள் தென்பட்டன. 1967-இல் நோயாளிகளிடம் தட்டம்மைக்கான எதிர்ப்புப் புரதங்கள் மிக அதிகமாக இருப்பது தெரிந்தது. 1969-இல் மூளைத் திசுவிலிருந்தே வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். நாடெங்கும் பிள்ளைகளுக்கு வந்துபோகும் சாதாரண அம்மையும், பிள்ளையின் அறிவை உருவிக்கொண்டு போகும் இந்த நோயும் ஒரே கிருமியின் இரண்டு முகங்கள் என்பது அப்போதுதான் உறுதியானது.

ஒரே கிருமி இரண்டு விதமாக நடப்பது எப்படி? சாதாரண தட்டம்மை வைரஸ் செல்லுக்குள் பெருகி, முழு வைரஸாக வடிவம் பெற்று, வெளியே வந்து அடுத்த செல்லைப் பிடிக்கும். அப்படி வெளியே வரும்போதுதான் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைப் பிடிக்கிறது. மூளையில் தங்கிப்போன வைரஸில் ஆண்டுக்கணக்கில் மரபணுப் பிழைகள் சேர்கின்றன. வைரஸை வடிவாகக் கட்டித்தரும் எம் புரதத்தின் மரபணு சிதைந்துபோகிறது. அதனால் அது முழு வைரஸாக வெளியே வருவதே இல்லை. அதற்குப் பதிலாக, செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் எஃப் புரதம் மாறி, முன்பைவிட வேகமாக ஒட்டுகிறது. நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்புகளின் வழியாகவே வைரஸின் மரபுப்பொருள் ஒரு செல்லிலிருந்து மறு செல்லுக்குப் போய்விடுகிறது. இரத்தத்திலும் முதுகுத் தண்டு நீரிலும் எதிர்ப்புப் புரதங்கள் நிரம்பி வழிந்தாலும் பயன் இல்லை. எதிரி தெருவுக்கு வராமல் வீட்டுச் சுவர்களைத் துளைத்தபடியே ஊரைக் கடந்துபோகிறான்.

அது எங்கிருந்து தொடங்கிப் பரவுகிறது என்பதில்தான் பிள்ளையின் குணம் ஏன் மாறுகிறது என்பதற்கு விடை இருக்கிறது. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், சிறுவயதில் தட்டம்மை வந்து, பெரியவரானபின் இந்த நோய்க்கு ஆளாகி இறந்த ஒருவரின் மூளையில் 15 இடங்களிலிருந்து வைரஸின் மரபணுவை வாசித்து, பிழைகளின் வரிசையை வைத்து அது நகர்ந்த பாதையை வரைந்தார்கள். பாதை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்புறணியிலிருந்து கிளம்பியிருந்தது. ஒருவருடைய மூளையில் கண்டதை எல்லாருக்கும் பொதுவாக்கக் கூடாது. பல பிள்ளைகளிடம் ஸ்கேனில் முதலில் மாற்றம் தெரிவது மூளையின் பின்பக்கம்தான். பார்வை முதலில் தடுமாறுகிறவர்களும் உண்டு. ஆனாலும் அந்த ஆய்வு நோயின் தொடக்கக் காட்சிகளோடு பொருந்திப்போகிறது. முன்மூளைதான் ஒரு காரியத்தைத் தொடங்கி முடிக்கவும், கோபத்தை அடக்கவும், இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளவும், மற்றவர் முகம் பார்த்து நடந்துகொள்ளவும் உதவுகிறது. அங்கே சேதம் தொடங்கினால் கை கால் விழாது, பேச்சு நிற்காது, காய்ச்சலும் இருக்காது. பிள்ளையின் ‘குணம்’ மட்டும் மாறும்.

இந்த நோயைப் பற்றிப் படிக்கும்போது என்னை உலுக்கியது இந்த இடம்தான். சோம்பேறி, அடங்காப்பிடாரி, பொறுப்பில்லாதவன் என்று நாம் ஒரு பிள்ளையின் மேல் ஒட்டும் பெயர்கள் எல்லாமே நரம்புத் திசு ஒழுங்காக இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொல்லப்படுகிறவை. அந்த நம்பிக்கை உடைந்த பிள்ளையையும் அதே பெயரால்தான் கூப்பிடுகிறோம். தன்னால் ஏன் முடியவில்லை என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வார்த்தை கிடையாது. அதைச் சொல்ல உதவ வேண்டிய மூளையே அல்லவா அரிக்கப்படுகிறது.

இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன நடக்கும் என்று ஊரை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். உச்சிவேளையில் கண்மாய்க் கரையில் பயந்திருக்கும் என்று கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். உடுக்கை அடித்துக் குறி கேட்பார்கள். இருக்கங்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால், கிழக்கே பேருந்தேறி ஏர்வாடிக்குப் போவதும் தலைமுறைகளாக உள்ள வழக்கம். மதம் பார்க்காமல் எல்லோரும் போய் நின்ற தர்கா அது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் அந்த ஊரில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்ததில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். இறந்தவர்கள் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஊரின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. இறந்த ஒவ்வொருவருக்கும் என்ன நோய் இருந்தது என்று யாராவது சரியாகப் பார்த்தார்களா என்பதுதான் என் ஆறாத வருத்தம். குணம் மாறிய ஒருவரைக் கட்டிப்போடுவதற்கு முன் அவர் மூளையைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் இவ்வளவு தாமதமாகத்தான் வந்தது.

கோடாங்கியிடம் போகிறவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. பெரிய நரம்பியல் பிரிவு வேண்டுமென்றால் அருப்புக்கோட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போக வேண்டும். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான். அதற்கு முன்பு தலைமுறை தலைமுறையாக, பிள்ளைக்குப் புத்தி தடுமாறினால் கதவைத் தட்டக்கூடிய தூரத்தில் இருந்தவர் கோடாங்கி மட்டும்தான். அவர் ஒரு காரணம் சொன்னார். காரணமே இல்லாத துன்பத்தைவிட ஏதோ ஒரு காரணமுள்ள துன்பம் தாங்கக்கூடியதாக இருக்கிறது.

மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிட்டால் நோயைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. மூளை மின்வரைவில், 4 முதல் 15 விநாடிகளுக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்தாற்போல உயர்ந்த அலைக்கூட்டம் ஒன்று எழும். பிள்ளை துடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த அலையோடு பொருந்தும். முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் தட்டம்மைக்கு எதிரான புரதம் மிக அதிகமாக இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். கடினமானது அதற்கு முந்தைய படி. படிப்பில் பின்தங்கிய ஒரு பிள்ளைக்கு இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு வர வேண்டும். அந்த எண்ணத்தை வரவழைக்கும் தகவல் எந்த ஸ்கேனிலும் இல்லை. அது அப்பத்தாவிடம் இருக்கிறது.

‘இவனுக்குச் சின்னதுல அம்மை போட்டுச்சா?’ என்று மருத்துவர் கேட்டால் தாய் யோசிப்பாள். பக்கத்தில் நிற்கும் அப்பத்தா யோசிக்க மாட்டாள். ‘தவழுற வயசுல மணல்வாரி போட்டுச்சே சாமி, கண்ணைத் தொறக்க முடியாம கெடந்தான்’ என்பாள். தண்ணி அம்மையின் கொப்புளத்துக்கும் மணல்வாரியின் சொரசொரத்த செந்தடிப்புக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தலைமுறைக்குத் துல்லியமாகத் தெரியும். இருமல், கண் சிவப்பு, மூன்றாம் நான்காம் நாள் முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் இறங்கும் தடிப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும் வரிசையை அவர்கள் பார்த்தே அறிந்தவர்கள். ஆனால் அந்த அறிவு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. வீட்டுக்கு மாரித்தாய் வந்திருக்கிறாள் என்றால் மருந்து கொடுக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, வெளியாள் வரக் கூடாது. ஆகவே கிராம சுகாதார செவிலியருக்கும் சொல்ல மாட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டி ஆட்களைத் தடுத்தது நோயைப் பரவாமல் வைக்கும் அருமையான ஏற்பாடு என்பதை நான் மனதார மதிக்கிறேன். செவிலியரையும் சேர்த்துத் தடுத்ததில்தான் நட்டம். பத்து ஆண்டு கழித்து அப்பத்தாவும் இல்லையென்றால், அந்தப் பிள்ளையின் நோய்க்கான ஒரே சாட்சியும் போய்விட்டது.

சரியாகக் கண்டுபிடித்தால் பிழைத்துக்கொள்வார்களா? பெரும்பாலும் இல்லை. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஐசோபிரினோசின் என்ற மாத்திரையும், மூளை நீர் அறைக்குள் செலுத்தும் இண்டர்ஃபெரான் ஊசியும் சிலருக்கு நோயின் வேகத்தைக் குறைக்கின்றன. வலிப்பு மருந்துகள் துடிப்பைத் தணிக்கின்றன. வைரஸை ஒழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. நூற்றில் ஐந்து பேர் அளவில் நோய் தானாகவே நின்றுபோவதைப் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குத் துடிப்பு கூடி, பேச்சு போய், பார்வை போய், உடம்பு விறைத்து, படுக்கையாகி, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த மாதங்களில் தேவைப்படுவது மூக்குக்குழாயில் உணவு, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கும் கைகள், சளி எடுக்கத் தெரிந்த ஒருவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலிநிவாரண சேவையும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் உண்டு. இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீடு அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

குணப்படுத்த முடியாது என்றால் சீக்கிரம் கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்கலாம். அடி நிற்கும். கடன் வாங்கி ஊர் ஊராக அலைவது நிற்கும். யார் செய்வினை வைத்தார்கள் என்று பங்காளி வீட்டைச் சந்தேகிப்பது நிற்கும். வயிற்றில் சுமந்தபோது செய்த ஏதோ ஒரு தப்பு என்று தாய் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது நிற்கும். நினைவு மிஞ்சியிருக்கும் சில மாதங்களாவது அந்தப் பிள்ளை அன்பான முகங்களுக்கு நடுவே இருக்கும். இவை சின்னப் பயன்கள் என்று நான் கருதவில்லை.

ஆனாலும் இந்த நோயை வெல்லக்கூடிய ஒரே இடம் ஒன்பதாம் மாதம்தான். இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி 1985-இல் சேர்ந்தது. 2010 முதல் இரண்டாம் தவணை வந்தது. 2017 பிப்ரவரியில் ரூபெல்லாவும் சேர்ந்த எம்.ஆர். ஊசியாக அதை முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இப்போது 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. ஊசியில் இருக்கும் நலிந்த வைரஸே மூளைக்குள் புகுந்துவிடாதா என்ற பயம் சிலருக்கு உண்டு. இந்த நோயில் இறந்தவர்களின் மூளையிலிருந்து எடுத்து மரபணு வாசித்த வைரஸ்கள் எல்லாம் ஊரில் பரவும் தட்டம்மை வைரஸ்களாகவே இருந்தன, ஊசியின் வைரஸ் இல்லை. ஊசி பரவிய நாடுகளில் எஸ்.எஸ்.பி.இ. ஏறக்குறைய மறைந்தே போனது.

தமிழ்நாட்டின் தடுப்பூசி வரலாறு நேர்கோடாக ஏறவில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதிர்ந்துபோன அரசு, கிராமங்களுக்கே போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னது. பாதுகாப்பை நினைத்து எடுத்த முடிவு அது. அந்தச் சூழ்நிலையில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதும் எளிதான கேள்வி இல்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி எல்லாத் தடுப்பூசிகளும் பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06-இல் நூற்றுக்கு 80.9. 2015-16-இல் அது 69.7 ஆக இறங்கியது. 2019-21-இல் 89.2 ஆக ஏறியது. இடையில் விழுந்த அந்தப் பள்ளத்துக்கு அரசின் அந்த முடிவு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திருச்சுழிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வர ஒரு தாய்க்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஊசி போடும் நாள் புதன்கிழமை. அருப்புக்கோட்டை நூற்பாலைக்கு வேனில் போகிறவளாக இருந்தால் ஒரு ஷிப்டுக் கூலி போகும். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவளாக இருந்தால் ஒரு நாள் வேலை போகும். மழை பொய்த்த வருடத்தில் குடும்பத்தோடு திருப்பூருக்கோ செங்கல் சூளைக்கோ போய்விட்டால் தடுப்பூசி அட்டை ஓர் ஊரிலும் பிள்ளை ஓர் ஊரிலும் இருக்கும். விருதுநகரும் இராமநாதபுரமும்தான் 2018-இல் மத்திய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று தமிழ்நாட்டில் பட்டியலிட்டவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2017-இல் வேறொரு தடை வந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி போடத் திட்டமிட்டபோது, பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், மலடாகிவிடுவார்கள் என்றெல்லாம் வாட்ஸ்ஆப்பில் வதந்தி பறந்தது. பெற்றோர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. தயங்கியவர்களில் பலர் படித்தவர்கள், தம் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவர்கள். மணல்வாரியால் செத்த பிள்ளையைத் தம் கண்ணால் பார்க்காத தலைமுறை என்பதுதான் அவர்களுடைய ஒரே குறை.

கலிபோர்னியாவில் 1998 முதல் 2015 வரையுள்ள நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். ஐந்து வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களில் ஏறத்தாழ 1,367 பேருக்கு ஒருவர் எஸ்.எஸ்.பி.இ.க்கு ஆளாகிறார். ஒரு வயதுக்குள் வந்தவர்களில் 609 பேருக்கு ஒருவர். லட்சத்துக்குச் சில பேர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்ததைவிட இது மிகவும் அதிகம். அந்த இரண்டாம் எண்ணைக் கவனியுங்கள். ஒரு வயதுக்குள் என்பதில் பெரும்பகுதி ஒன்பது மாதத்துக்கு முந்தைய காலம். அந்தப் பிள்ளைகளுக்கு ஊசி போடும் வயதே வரவில்லை. தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி ஆறாம் மாதத்துக்குள் தேய்ந்துவிடுகிறது. அம்மை வந்து தேறிய தாயைவிட, ஊசியால் மட்டும் எதிர்ப்புச் சக்தி பெற்ற தாய் கொடுப்பது இன்னும் குறைவு. இந்த இடைவெளியில் கைக்குழந்தையைக் காப்பது சுற்றியிருப்பவர்களின் ஊசி மட்டும்தான். தட்டம்மை ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. நோயாளி அறையை விட்டுப் போனபின்பும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும். நூற்றில் 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் அது நிற்கும். 2025 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டச் சுகாதாரத் துறை ஒரு பள்ளிக் குழந்தையின் மரணத்தை அறிவித்தது. ஊசி போடும் வயதுக்கு முன்பே தட்டம்மை வந்து, தேறி, பல ஆண்டுகள் கழித்து எஸ்.எஸ்.பி.இ.யால் இறந்த குழந்தை. பெற்றோர் எதையும் தவறவிடவில்லை. சுற்றியிருந்தவர்களில் யாரோ தவறவிட்டிருக்கலாம்.

அதனால் வீட்டில் மணல்வாரி இறங்கினால், வேப்பிலையைக் கட்டிய கையோடு செவிலியருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். வீட்டிலும் தெருவிலும் ஊசி போடாத பிள்ளைகளுக்கு, நோயாளியோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் பலருக்கு நோய் வராமலே தடுக்கலாம். 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, பரவும் பகுதிகளில் ஆறு மாதம் முடிந்த கைக்குழந்தைகளுக்கும் கூடுதலாக ஒரு தவணை கொடுக்க மத்திய அரசு வழிசெய்தது. அந்தக் கூடுதல் தவணை அட்டையில் கணக்காகாது. ஒன்பதாம் மாத ஊசியையும் பதினாறாம் மாத ஊசியையும் அதன் பிறகும் வழக்கம்போலப் போட்டாக வேண்டும். அம்மை போட்ட பிள்ளையின் பெயரும் வயதும் தேதியும் துணைச் சுகாதார நிலையத்தின் ஏட்டில் ஏறினால், எட்டு ஆண்டு கழித்து ஒரு பிள்ளையின் கையெழுத்து அலையும்போது மருத்துவர் அப்பத்தாவின் நினைவை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.